ஒரு வருஷத்துக்கு மட்டும் பொண்டாட்டி: ஒப்பந்தக் கல்யாணக் கதைகள் நமக்கு ஏன் சலிப்பதில்லை?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்கத் தோதாகச் சில இடங்களில் சுருக்கித் திருத்தப்பட்டிருக்கிறது.)

இன்னைக்கு எபிசோடு ஒரு அட்டை கிழிஞ்ச புத்தகத்துல ஆரம்பிக்குது.

போன தீபாவளி முடிஞ்ச அடுத்த வாரம் ஊருக்குப் போயிருந்தேன். எங்க ஊர் தாயில்பட்டி. விருதுநகர் மாவட்டம், வெம்பக்கோட்டை தாலுகா. சிவகாசி தெரியும் இல்லையா, அந்தப் பக்கம்தான். கரிசல் காடு, அதுக்கு நடுவுல தள்ளித் தள்ளி நிற்கிற சின்னச் சின்ன ரூம்கள். நீங்க கொளுத்தின புஸ்வாணம் அநேகமா அந்த மாதிரி ஒரு ரூம்ல இருந்து வந்ததாத்தான் இருக்கும். பட்டாசுத் தொழிற்சாலையை எங்க பக்கம் யாரும் ஃபேக்டரின்னு சொல்ல மாட்டாங்க. பயராபீஸ். அதே மாதிரி தீப்பெட்டியாபீஸ். "அம்மா ஆபீஸ் போயிருக்காங்க"ன்னு நான் காலேஜ்ல சொன்னப்ப என் ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் அம்மா பேங்க்ல இருக்காங்கன்னு நெனச்சுக்கிட்டாங்க. நானும் ரொம்ப நாள் திருத்தலை.

தீபாவளி முடிஞ்சு கொஞ்ச நாளைக்கு பயராபீஸ் எல்லாம் பூட்டிக் கிடக்கும். ஊரே கொஞ்சம் மெதுவா மூச்சு விடும். எங்க சித்தி வாசப்படியில உட்கார்ந்து ஒரு மாத நாவல் படிச்சிட்டு இருந்தாங்க. அட்டை இல்லை, முதல் நாலு பக்கம் இல்லை. "என்ன கதை சித்தி?"ன்னு கேட்டேன்.

"ஒரு வருசத்துக்கு மட்டும் பொண்டாட்டியா நடிக்கணுமாம். கையெழுத்துப் போட்டிருக்கா."

"கடைசியில ரெண்டு பேரும் சேர்ந்துருவாங்க."

"அது தெரியாமயா படிக்கேன்?"

இந்தக் கடைசிக் கேள்விதான் இந்த எபிசோடு. முடிவு தெரிஞ்ச கதையை ஏன் திரும்பத் திரும்பப் படிக்கிறோம்? அதுவும் குறிப்பா இந்த ஒரு கதையை?

முதலில் கதையின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். அவனுக்கு ஒரு மனைவி தேவை. தாத்தா உயில் எழுதி வைத்திருப்பார், கல்யாணம் ஆனால்தான் சொத்து. அல்லது பாட்டி சாகக் கிடப்பாள். அவளுக்குப் பணம் தேவை. தம்பிக்கு ஆபரேஷன், அப்பா வாங்கிய கடன், ஏலத்துக்கு வரும் வீடு. ரெண்டு பேரும் ஒரு பேச்சுக்கு வருகிறார்கள்: இத்தனை மாசம், இவ்வளவு பணம், தனித்தனி அறை. அப்புறம் ஒரு மழை, ஒரு காய்ச்சல், பொறாமையைக் கிளப்ப ஒரு பழைய சிநேகிதி. முடிவில் காதல். ஆங்கிலத்தில் மில்ஸ் அண்ட் பூன் கம்பெனி 1908-ல் ஆரம்பித்தது. இந்த அச்சில் அவர்கள் வார்த்து எடுத்த கதைகளுக்குக் கணக்கே கிடையாது. தமிழில் ராணிமுத்து, கண்மணி, குடும்ப நாவல் என்று பஸ் ஸ்டாண்டு கடையில் தொங்கிய மாத நாவல்கள் வழியாக வீட்டுக்குள் வந்தது. ரமணிசந்திரன் பெயரைக் கேள்விப்படாத தமிழ் அம்மா இருக்க முடியாது. 150-க்கும் மேலே நாவல் எழுதியவர், தமிழில் மிக அதிகமாக விற்கிற எழுத்தாளர்களில் ஒருவர். இலக்கியம் பேசுகிறவர்கள் அவர் பக்கம் திரும்பியதே இல்லை. 2008-ல் சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம் தமிழ் ஜனரஞ்சகக் கதைகளை ஆங்கிலத்தில் தொகுத்தபோது அவரையும் சேர்த்தது. அதற்குப் பிறகுதான் இங்கிலீஷ் படிக்கிற சிலருக்கு அவர் 'கூல்' ஆனார். நம்ம ஊர் வழக்கம், என்ன செய்ய.

இப்போது இதே கதை மொபைலில் ஓடுகிறது. தினம் ஒரு அத்தியாயம். 'ஆன்டி ஹீரோ' என்று ஒரு தனிப் பிரிவே இருக்கிறது. அதாவது அவன் மிரட்டித் தாலி கட்டுவான், அடிப்பான், அப்புறம் அழுவான், நாம் மன்னிக்க வேண்டும். நான் அங்கே இறங்கிவிடுவேன். ஒப்பந்தத்தில் கையெழுத்து மிரட்டி வாங்கப்பட்டால் அது ஒப்பந்தமே இல்லை. கதையாகவும் இல்லை, சட்டப்படியும் அவள் அதைச் செல்லாது என்று ஆக்கலாம்.

சட்டம்னு சொன்னதும் ஞாபகம் வருது. ஒரு வக்கீல் ஃப்ரெண்ட் கிட்ட கேட்டேன்: நிஜமா ஒரு பொண்ணும் பையனும் இப்படி முத்திரைத்தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டா என்ன ஆகும்? அவ சிரிச்சா. பேப்பர் செல்லாது, கல்யாணம் செல்லும்னா.

அது எப்படி என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த பகுதி. 1872-ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டம், 23-ஆம் பிரிவு: பொதுக் கொள்கைக்கு விரோதமான ஒப்பந்தம் செல்லாது. 'இத்தனை மாசம் கழித்துப் பிரிந்துவிடுவோம்' என்று முன்கூட்டியே எழுதி வைப்பதை நீதிமன்றங்கள் அந்த வகையில்தான் பார்த்து வந்திருக்கின்றன. கோவாவில் மட்டும் போர்த்துகீசியர் காலத்துச் சிவில் சட்டம் இருப்பதால் கல்யாணத்துக்கு முன்னால் சொத்து ஒப்பந்தம் எழுதிக்கொள்ளலாம். அதுவும் சொத்துக்குத்தான், பிரிவதற்குத் தேதி குறிக்க இல்லை. ஆனால் கல்யாணம்? தமிழ்நாட்டில் கல்யாணம் ஆவது ரொம்பச் சுலபம். அண்ணா முதலமைச்சராக இருந்தபோது இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். 1968 ஜனவரியிலிருந்து நடப்பில் இருக்கிறது. சுயமரியாதைத் திருமணத்துக்காக வந்த பிரிவு. ஐயர் வேண்டாம், அக்னி வேண்டாம். சொந்தக்காரர்களோ நண்பர்களோ முன்னால் இருக்க, மாலை மாற்றினாலோ மோதிரம் போட்டாலோ தாலி கட்டினாலோ போதும். "மனசுக்குள்ள நாங்க நடிச்சோம்"னு அப்புறம் சொன்னா யாரும் கேட்க மாட்டாங்க.

சரி, ஒரு வருஷம் முடிந்ததும் பிரிந்துவிடலாமா? இந்துத் திருமணச் சட்டம் 14-ஆம் பிரிவின்படி, கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகாமல் விவாகரத்து மனுவே போட முடியாது. ரொம்பக் கொடுமையான நிலைமை என்றால் மட்டும் விலக்கு. பரஸ்பர சம்மதத்தில் பிரிய வேண்டும் என்றால் ஒரு வருஷமாவது பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும், மனு போட்ட பிறகு ஆறு மாசம் காத்திருக்க வேண்டும். அந்த ஆறு மாசத்தைத் தேவைப்பட்டால் நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதனால் நாவலில் வருகிற 'ஒரே வருஷம், அப்புறம் நீ யாரோ நான் யாரோ' கணக்குக்கு உதைக்கும். இன்னொரு விஷயம்: 'பிரிந்து வாழ்வது' என்றால் வேறு வேறு வீட்டில் இருக்க வேண்டும் என்று அர்த்தமில்லை, ஒரே கூரைக்குள் கணவன் மனைவியாக வாழாமல் இருந்தாலும் அது பிரிவுதான் என்று 1991-ல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. தனித்தனி அறை எழுதுகிற நாவலாசிரியர்களுக்கு இது உதவும்.

இதைக் கேட்டதும் உங்களில் பாதிப் பேர் மனசில் ஒரு படம் ஓடியிருக்கும். மௌன ராகம். 1986. டெல்லியில் புது மாப்பிள்ளை மோகன், உனக்கு என்ன வேண்டும் என்று கேட்கிறார். ரேவதி விவாகரத்து வேண்டும் என்கிறார். வக்கீலிடம் போனால், கல்யாணமாகி ஒரு வருஷமாவது ஆக வேண்டும் என்று திருப்பி அனுப்புகிறார். மணிரத்னம் சட்டத்தின் ஒரு பிரிவை எடுத்து அப்படியே கதைக்குக் கெடுவாக வைத்துவிட்டார். தாத்தா உயில் எதுவும் தேவைப்படவில்லை.

அதற்கு அஞ்சு வருஷம் முன்னால் பாக்யராஜின் அந்த 7 நாட்கள். ராஜேஷ் ஒரு டாக்டர், மனைவியை இழந்தவர், ஒரு பெண் குழந்தை இருக்கிறது. சாகக் கிடக்கிற அம்மாவின் ஆசைக்காகத்தான் அம்பிகாவைக் கட்டுகிறார். முதல் ராத்திரியில் அவள் தற்கொலைக்கு முயல்கிறாள். அவளுக்குக் காதலன் இருப்பது அப்போதுதான் இவருக்குத் தெரிகிறது. அம்மா இன்னும் ஒரு வாரம் தாங்கமாட்டாள், அதுவரைக்கும் இரு, அப்புறம் நானே உன்னை அவனிடம் சேர்க்கிறேன் என்கிறார். ஏழு நாள் ஒப்பந்தம். கிளைமாக்ஸை நான் சொல்ல மாட்டேன். 1981-ல் வந்த படத்துக்கு ஸ்பாய்லர் பார்க்கிறாளே என்று திட்டாதீர்கள், பார்க்காதவர்கள் இருப்பார்கள்.

இந்த ரெண்டு படத்தையும் மாத நாவல் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்கு ஒன்று தட்டுப்பட்டது. ரெண்டு படத்திலும் பேச்சுவார்த்தை தாலி கட்டிய பிறகுதான் நடக்கிறது. அதுக்கு முன்னால் அவள் வேண்டாம் என்று சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. நாவலில் அப்படி இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் ஒரு மேஜை, எதிரெதிரே ரெண்டு நாற்காலி. "உனக்கு என்ன வேண்டும்?" என்று அவளிடம் கேட்கிறார்கள்.

இதை நானாகக் கண்டுபிடிக்கவில்லை. சித்திதான் சொன்னாங்க. "கதைன்னாலும் பாரு பாப்பா, அவகிட்ட கேக்குறாங்கல்ல."

சித்தி கதையைச் சொல்றதுக்கு முன்னாடி அவங்ககிட்ட கேட்டுட்டேன். பேரு சொல்லக் கூடாது, எந்த ஆபீஸ்னு சொல்லக் கூடாது. இந்த ரெண்டும் அவங்க போட்ட கண்டிஷன்.

எங்க அம்மா கூடப் பிறந்தவங்க மூணு பேர். மூத்தவங்க பெரியம்மா, நடுவுல அம்மா, கடைசி சித்தி. நான் ரெண்டாங்கிளாஸ் படிக்கும்போது பெரியம்மா வேலை பார்த்த ஆபீஸ்ல விபத்து. மருந்து ரூம்ல உராய்வு. எங்க ஊர்ல இந்த ஒரு வார்த்தை போதும், யாரும் மேல கேட்க மாட்டாங்க. பெரியம்மாவுக்கு நாலு வயசுல ஒண்ணு, ஒன்றரை வயசுல ஒண்ணு. சித்தி அப்ப பன்னண்டாவது முடிச்சிட்டு சாத்தூர்ல காலேஜுக்கு அப்ளிகேஷன் வாங்கி வச்சிருந்தாங்க. பதினாறாம் நாள் விசேஷம் முடிஞ்ச அன்னைக்கு ராத்திரி பெரியவங்க எல்லாம் கூடிப் பேசினாங்க. வெளியில இருந்து ஒருத்தி வந்தா பிள்ளைகளைப் பார்ப்பாளா? வரப்போற நஷ்டஈட்டுப் பணம் யார் கையில இருக்கும்? ரெண்டு கேள்விக்கும் சேர்த்து ஒரே பதில் கண்டுபிடிச்சாங்க. ஆறு மாசத்துல சித்திக்கும் பெரியப்பாவுக்கும் கல்யாணம்.

அதனாலதான் எங்க வீட்ல சித்தி புருஷன் பெரியப்பா. புதுசா வர்ற மாப்பிள்ளைங்க எல்லாம் ஒரு நிமிஷம் குழம்பிட்டுத்தான் போவாங்க.

இது எங்கள் குடும்பத்தில் மட்டும் நடந்ததில்லை, உங்களுக்கே தெரிந்த ஒரு வீடு இருக்கும். ஒரு வேடிக்கை பாருங்கள்: இங்கிலாந்தில் இறந்துபோன மனைவியின் தங்கையைக் கட்டுவது சட்டப்படி செல்லாது என்று 1835-ல் ஆக்கி, 1907 வரைக்கும் அப்படியே வைத்திருந்தார்கள். அதை மாற்ற பாராளுமன்றத்தில் திரும்பத் திரும்ப மசோதா வந்து தோற்றது. அங்கே 70 வருஷம் குற்றம்போலப் பார்க்கப்பட்ட அதே கல்யாணம் இங்கே கடமை. ரெண்டு ஊரிலும் அந்தத் தங்கையிடம் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

இங்கிலாந்து பேச்சு வந்துவிட்டதால், இந்த வகையில் நான் படித்ததிலேயே சிறந்த நாவலைச் சொல்லிவிடுகிறேன். ஜார்ஜெட் ஹேயர் எழுதிய 'எ சிவில் கான்ட்ராக்ட்'. 1961. ஹேயர் 1934-லேயே 'தி கன்வீனியன்ட் மேரேஜ்' என்று ஒன்று எழுதியிருக்கிறார். அது ஜாலியான கதை. அக்காவுக்குப் பேசிய மாப்பிள்ளையிடம் தங்கையே நேரில் போய், அக்காவை விட்டுவிட்டு என்னைக் கட்டிக்கொள் என்று கேட்பாள். 27 வருஷம் கழித்து அதே விஷயத்தை எடுத்து வேறு மாதிரி எழுதினார். அந்தப் புத்தகம் பலருக்குப் பிடிக்காது. எனக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

கதை நடப்பது 1814, 15-ல். ஆடம் டெவரில் ராணுவ கேப்டன். அப்பா வேட்டைக்குப் போய் இறந்துவிட, பட்டமும் பரம்பரை வீடும் கூடவே தலைக்கு மேல் கடனும் இவன் தலையில் விழுகிறது. அவன் காதலிப்பது ஜூலியாவை, அழகி. ஆனால் வீட்டைக் காப்பாற்ற வேண்டுமானால் பணக்காரப் பெண்ணைக் கட்ட வேண்டும். ஜூலியாவின் அப்பாவே வழி காட்டுகிறார்: சாலி என்று ஒரு பெரும் வியாபாரி, அவருக்கு ஒரே மகள் ஜென்னி. ஜூலியாவின் சிநேகிதி வேறு. ஜென்னி குட்டை, கொஞ்சம் பருமன், பார்த்தவுடன் யாரும் திரும்பிப் பார்க்கிற முகம் இல்லை. சாலிக்கு மகள் பிரபு வீட்டுச் சீமாட்டி ஆக வேண்டும். பணம் இந்தப் பக்கம், பட்டம் அந்தப் பக்கம். கல்யாணம் முடிகிறது.

அந்த மாமனார் இருக்காரே, அவரை நம்ம ஊர்ல நான் ஒரு பத்துப் பேராவது பார்த்திருக்கேன். சத்தமா பேசுவார், கேட்காமலே பரிசா கொண்டுவந்து குவிப்பார், மாப்பிள்ளைக்கு மூச்சு முட்டும். கோபப்படவும் முடியாது, ஏன்னா அவர் கொடுக்கிறது பாசத்துல. வாங்கிக்கிறவனோட கௌரவம் எங்க அடிபடுதுன்னு கொடுக்கிறவருக்குத் தெரியாது. சிவகாசிப் பக்கம் கல்யாண மண்டபத்துல சீர்வரிசைத் தட்டை எண்ணிக்கிட்டு நிற்கிற மாப்பிள்ளை முகத்தை ஒரு தடவை உத்துப் பாருங்க. ஆடம் அங்க நிற்பான்.

இந்த நாவலில் மழை ராத்திரி இல்லை, பெரிய காதல் காட்சி இல்லை. ஜென்னி அவனுக்குப் பிடித்த சாப்பாடு என்ன, எந்த நாற்காலி தோது, எப்போது தனியாக விட வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கவனித்துச் செய்துகொண்டே இருப்பாள். ஜூலியா வேறொரு பிரபுவைக் கட்டிக்கொண்டு போய்விடுவாள். வாட்டர்லூ போர் நடக்கும்போது லண்டனில் வதந்தி, இங்கிலாந்து தோற்றுவிட்டது என்று. கையில் இருக்கிற பத்திரத்தை எல்லாம் உடனே விற்றுவிடு என்று மாமனார் பதறுகிறார். ஆடம் ராணுவத்தில் இருந்தவன், வெலிங்டன் ஜெயிப்பார் என்று நம்பி, விற்காமல் மேலும் வாங்குகிறான். ஜெயிக்கிறான். இனி மாமனார் பணம் தேவையில்லை. அதாவது ஒப்பந்தத்துக்கான காரணமே போய்விட்டது. அப்புறமும் அவன் வீட்டுக்குத்தான் வருகிறான்.

முடிவில் ஜென்னிக்குத் தெரியும், ஜூலியாவை நினைத்த மாதிரி தன்னை அவன் நினைக்கவில்லை என்று. ஆனால் அவனுக்கு இப்போது அவள் இல்லாமல் வாழ்க்கை இல்லை. இதைத்தான் நிறைய ரசிகர்களால் ஏற்க முடியவில்லை. இது ரொமான்ஸே இல்லை என்பார்கள். நான் என்ன நினைக்கிறேன் என்றால், இந்த வகைக் கதைகள் எல்லாம் ஒளித்து வைக்கிற கேள்வியை ஹேயர் வெளியே எடுத்து வைத்துவிட்டார். கடைசிப் பக்கத்தில் 'உன்னைத்தான் முதல் நாளிலிருந்தே காதலித்தேன்' என்று அவனைச் சொல்ல வைத்தால், ஒப்பந்தம் சும்மா ஒரு சாக்கு ஆகிவிடும். இங்கே கல்யாணம் வசதிக்காகவே நடந்தது, அதை யாரும் மறுக்கவில்லை. அதன் மேல் ரெண்டு பேரும் ஒரு வாழ்க்கையைக் கட்டினார்கள்.

சென்னைக்குத் திரும்பி வந்து ஒரு ஞாயித்துக்கிழமை சித்திக்கு போன் போட்டு இந்தக் கதையை முழுசா சொன்னேன். ஒரு மணி நேரம் ஆச்சு. பக்கத்து வீட்டு மதினியும் வந்து உட்கார்ந்துட்டாங்க போல, ஸ்பீக்கர்ல போட்டாங்க. ஜூலியா கல்யாணம் பண்ணிக்கிட்ட இடத்துல மதினி "போகட்டும் சனியன்"னாங்க.

சித்தி ஒண்ணு கேட்டாங்க. "அந்தப் பிள்ளைக்கு அவனை முன்னாடியே பிடிக்குமோ?"

எனக்குத் தூக்கி வாரிப் போட்டுருச்சு. ஆமா. ஜென்னி அவனை ரொம்ப நாளா மனசுக்குள்ள நெனச்சிட்டு இருந்தவ. சிநேகிதியோட காதலன்னு வாயே திறக்கல. நான் அதை வேணும்னே சொல்லாம வச்சிருந்தேன். எப்படிக் கண்டுபிடிச்சீங்கன்னு கேட்டேன்.

"இல்லன்னா நாக்காலி வரைக்கும் யாரு பார்ப்பா?"

அப்புறம் மதினி எழுந்து போனப்புறம், ரொம்ப நாளா கேட்கணும்னு இருந்ததைக் கேட்டேன். அன்னைக்கு ராத்திரி பெரியவங்க உங்களைக் கூப்பிட்டு, உனக்கு என்ன வேணும்னு கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க சித்தி?

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. கோபம் வந்துருச்சோன்னு பயந்துட்டேன்.

"சரின்னுதான் சொல்லியிருப்பேன் பாப்பா. அந்தப் பிள்ளைக ரெண்டும் எங்கிட்டதானே கிடந்துச்சுக. ராத்திரி முழிச்சா என்னையத்தான் தேடும். உங்க பெரியப்பாவும் ஒரு சொல்லு அதிர்ந்து பேசுறவரு இல்ல. ஆனா ரெண்டு கண்டிசன் போட்டிருப்பேன்."

"என்ன?"

"காலேஜ் முடிச்சிட்டுத்தான்னு சொல்லியிருப்பேன். அந்த மூணு வருசம் அம்மா பார்த்துக்கிட்டிருக்க மாட்டாங்களா பிள்ளைகளை?" அப்புறம் கொஞ்சம் நிறுத்தி, "அக்கா போட்டோவை எடுக்கக் கூடாதுன்னு சொல்லியிருப்பேன்."

கல்யாணத்துக்கு முந்தின நாள் பெரியம்மா போட்டோவைக் கூடத்துச் சுவத்துல இருந்து எடுத்துட்டாங்களாம். புதுப்பொண்ணு மனசு சங்கடப்படும்னு. எந்தப் புதுப்பொண்ணு? அவங்க அக்கா அது. இதை எனக்கு யாரும் சொன்னதில்லை. அந்தச் சுவத்துல நான் சின்ன வயசுல இருந்து காலண்டரைத்தான் பார்த்திருக்கேன், வருஷா வருஷம் ஏதாவது ஒரு பிரஸ்காரங்க கொடுக்கிற பெரிய முருகர் காலண்டர்.

"இப்ப அந்த போட்டோ எங்க சித்தி?"

"பீரோவுல, என் சேலைக்கு அடியில."

பெரியப்பாவுக்குத் தெரியுமான்னு கேட்டேன். அவரு கேட்டதில்ல, நான் சொன்னதில்லன்னாங்க. பிறகு, நான் சொன்ன கதைப் புத்தகம் தமிழ்ல வந்திருக்கான்னு விசாரிச்சாங்க. நான் பார்த்தவரைக்கும் கிடைக்கலைன்னேன். "அப்ப அடுத்த வாரமும் போன்லயே சொல்லு, வேற கதை. அந்த அக்கா மாப்பிள்ளையைக் கேட்டு வாங்குன தங்கச்சி கதை சொன்னியே, அது."

பயராபீஸ் தொறந்தாச்சு. சனிக்கிழமை சம்பளம், ஞாயித்துக்கிழமை லீவு. மூணு மணிக்கு மேல கூப்பிடச் சொல்லியிருக்காங்க.